லினக்ஸ் டிரைவரின் மின்மேலாண்மை மாற்றங்களைச் சோதிப்பது எப்படி?

மடிக்கணினியின் மூடியைச் சாத்தி, சற்றுப் பொறுத்துத் திறக்கிறோம். திரை வருகிறது, சுட்டி நகர்கிறது. லினக்ஸ் கெர்னலில் ஒரு டிரைவரின் மின்மேலாண்மைப் பகுதியைத் திருத்தியவர்கள் பலர் இத்தோடு சோதனை முடிந்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். அது போதாது. ஒரு சாதனம் மூன்று விதமாகத் தூங்கலாம். ஒவ்வொரு விதத்திலும் டிரைவரின் வெவ்வேறு கால்பேக்குகள் (உரிய நேரத்தில் கெர்னல் அழைக்கும் செயற்கூறுகள்) அழைக்கப்படுகின்றன. எழும்போது வன்பொருள் எந்த நிலையில் இருக்கும் என்பதும் மாறுகிறது. மூடியைச் சாத்தித் திறந்தபோது இவற்றில் ஒரு வழிதான் ஓடியது. அதுவும் ஒரே முறை, சாதனம் வேலையில்லாமல் இருந்த நேரத்தில்.

சி மொழியில் சிறிய டிரைவர் ஒன்றையாவது எழுதிப் பார்த்தவர்களுக்கு, மீதி வழிகளை எந்த வரிசையில் சோதிக்க வேண்டும், எது எங்கே உடையும் என்று இங்கே விளக்குகிறோம்.

மூன்று தூக்கங்கள்

முதலாவது சஸ்பெண்ட். முழுக் கணினியும் தூங்கும், நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். இதிலேயே முக்கியமாக இரண்டு வகை உண்டு. 'டீப்' என்று கெர்னல் அழைப்பது, ஃபர்ம்வேரிடம் (வன்பொருளில் பதிந்துள்ள அடிப்படை மென்பொருள்) பொறுப்பை ஒப்படைத்து எஸ்3 எனும் தூக்க நிலைக்குப் போவது. 'எஸ்2ஐடில்' என்பதில் ஃபர்ம்வேரிடம் கைமாற்றுவதில்லை. சாதனங்களை அணைத்துவிட்டு, செயலிகள் ஆழ்ந்த ஓய்வில் காத்திருக்கும். இப்போது வரும் மடிக்கணினிகள் பலவற்றில் இரண்டாவது மட்டுமே உண்டு. /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப் கோப்பைப் படித்தால் உங்கள் கணினியில் எவை உள்ளன, எது தேர்வாகியிருக்கிறது என்று தெரியும். சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பதே தேர்வானது.

இரண்டாவது ஹைபர்னேட். நினைவகத்தின் பிம்பத்தை வட்டில் எழுதிவிட்டுக் கணினி முழுவதுமாக அணைகிறது.

மூன்றாவது ரன்டைம் மின்மேலாண்மை. கணினி விழித்திருக்கும்போதே, பயன்படாத ஒரு சாதனத்தை மட்டும் தனியாகத் தூங்க வைப்பது. 2009-இல் வந்த 2.6.32 பதிப்பிலிருந்து கெர்னலில் இதற்குப் பொதுவான கட்டமைப்பு இருக்கிறது. சத்தமில்லாமல் உடைவது பெரும்பாலும் இதுதான் என்பதால், பிற்பாதியில் இதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

சஸ்பெண்டில் டிரைவரின் கால்பேக்குகள் படிப்படியாக வரும்: பிரிப்பேர், சஸ்பெண்ட், சஸ்பெண்ட்_லேட், சஸ்பெண்ட்_நோஐஆர்க்யூ. எழும்போது அதே படிகள் தலைகீழ் வரிசையில். நோஐஆர்க்யூ கட்டத்துக்கு வரும்போது சாதனம் கவனம் கோரும்போது ஓடும் இன்டரப்ட் ஹேண்ட்லர் இனி அழைக்கப்படாது என்ற உறுதி டிரைவருக்குக் கிடைக்கிறது. அதற்கு முந்தைய சஸ்பெண்ட் கட்டத்தில் அந்த உறுதி இல்லை. புதியவர்கள் தவறவிடும் முதல் இடம் இது: சஸ்பெண்ட் கால்பேக்கில் சாதனத்தின் கடிகாரத் துடிப்பை நிறுத்திவிடுவார்கள், அடுத்த கணம் வரும் இன்டரப்ட், அணைந்த சாதனத்தின் ரெஜிஸ்டரைப் படிக்கப் போகும்.

ஹைபர்னேட்டின் பாதை இன்னும் நீளம். முதலில் ஃப்ரீஸ், பிறகு பிம்பம் எடுக்கப்படும். எடுத்ததை வட்டில் எழுத வட்டு வேலை செய்ய வேண்டுமே, ஆகவே எல்லாச் சாதனங்களையும் உறைநீக்கும் 'தா' கால்பேக் திரும்ப எழுப்பும். எழுதி முடித்ததும் பவர்ஆஃப். மறுபடி கணினியைப் போடும்போது ஒரு புதிய கெர்னல் வழக்கம்போல் தொடங்கி, பிம்பத்தை நினைவகத்தில் ஏற்றி, தன் சாதனங்களை ஃப்ரீஸ் செய்துவிட்டுப் பழைய கெர்னலுக்குள் தாவும். அங்கே ரெஸ்டோர் கால்பேக் ஓடும். உங்கள் சாதனம் அப்போது எந்த நிலையில் இருக்கும் என்பது, தொடக்கக் கெர்னல் அதைத் தொட்டதா இல்லையா என்பதைப் பொறுத்தது. ஆகவே ரெஸ்டோர் எதையும் முன்கூட்டி நம்பாமல், ரெஜிஸ்டர்களை எல்லாம் புதிதாக எழுத வேண்டும்.

சோதனைக் கணினியைத் தயார் செய்வது

உங்கள் டிரைவர் இல்லாமலேயே அந்தக் கணினி ஒழுங்காகத் தூங்கி எழுகிறதா என்று முதலில் பாருங்கள். டிரைவரைத் தடைப்பட்டியலில் போட்டுவிட்டு சஸ்பெண்ட், ஹைபர்னேட் இரண்டையும் சில முறை செய்து பாருங்கள். வேறொரு டிரைவரின் கோளாறால் தொங்கும் கணினியில் உங்கள் மாற்றத்தைச் சோதித்தால், கிடைக்கும் முடிவுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

கெர்னலைத் தொகுக்கும்போது கான்ஃபிக்_பிஎம்_டீபக், கான்ஃபிக்_பிஎம்_அட்வான்ஸ்ட்_டீபக் இரண்டையும் இயக்குங்கள். கூடவே பூட்டுகளின் வரிசையைச் சரிபார்க்கும் புரூவ்_லாக்கிங், தூங்கக்கூடாத இடத்தில் தூங்குவதைப் பிடிக்கும் டீபக்_அடாமிக்_ஸ்லீப், பொய் இன்டரப்ட் ஒன்றை உருவாக்கிப் பார்க்கும் டீபக்_ஷிர்க் ஆகியவற்றையும் சேர்க்கலாம். பொய் இன்டரப்ட் மிகவும் பயனுள்ளது. இன்டரப்ட் கோட்டை வேறொரு சாதனத்தோடு பகிர்ந்துகொள்ளும் டிரைவர், தன் சாதனம் தூங்கும்போதும் அழைக்கப்படலாம். அதற்கு அது தயாரா என்பதை மாட்யூலைக் கழற்றும் நேரத்திலேயே காட்டிவிடும்.

தொடக்க அளவுருக்களில் நோ_கன்சோல்_சஸ்பெண்ட் சேர்த்தால் தூங்கும் வழியிலும் செய்திகள் கன்சோலுக்கு வந்துகொண்டிருக்கும். சீரியல் கேபிள் போட வசதியுள்ள பலகை என்றால் அதுவே சிறந்தது. பிணையம் வழியாகப் பதிவு அனுப்பும் முறை, பிணைய அட்டை தூங்கியதும் நின்றுபோகும். /சிஸ்/பவர்/பிஎம்_பிரின்ட்_டைம்ஸ் கோப்பில் 1 எழுதினால் ஒவ்வொரு சாதனத்தின் கால்பேக்கும் எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று கெர்னல் பதிவில் வரும்.

ஹைபர்னேட்டுக்கு ஸ்வாப் இடம் போதுமான அளவு வேண்டும், ரெசியூம் அளவுருவில் அந்த ஸ்வாப்பைக் குறிப்பிட வேண்டும். /சிஸ்/பவர்/ஸ்டேட் கோப்பில் 'டிஸ்க்' என்ற சொல்லே இல்லையென்றால், செக்யூர் பூட் காரணமாகக் கெர்னல் பூட்டுநிலையில் இருக்கக்கூடும். அந்த நிலையில் ஹைபர்னேட் தடுக்கப்படும். சோதனைக் கணினியில் செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள். முக்கியக் கோப்புகள் உள்ள கணினியில் இந்த வேலையே வேண்டாம். நடுவில் தொங்கினால் மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வழியிருக்காது.

பாதி வழியில் திரும்பும் சோதனை

தூக்கத்தை முழுவதும் நடத்தாமல், குறிப்பிட்ட படி வரை போய், 5 விநாடி காத்திருந்து, திரும்பி வரும் வசதி கெர்னலிலேயே இருக்கிறது. /சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட் கோப்பில் ஒரு சொல்லை எழுத வேண்டும். பிறகு வழக்கம்போல் ஸ்டேட் கோப்பில் 'மெம்' அல்லது 'டிஸ்க்' எழுத வேண்டும். குறைவான படியிலிருந்து ஆழமான படிக்கு வரிசை இது: ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், பிராசஸர்ஸ், கோர்.

ஃப்ரீசர் படியில் நிரல்கள் மட்டும் உறைய வைக்கப்படும். இங்கேயே தோற்றால், ஏதோ ஒரு நிரலோ கெர்னல் இழையோ உறைய மறுக்கிறது. டிரைவருக்குள் குறுக்கிட முடியாத காத்திருப்பில் மாட்டிய நிரல் இதற்குப் பொதுவான காரணம். கெர்னல் 20 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, உறையாத நிரலின் பெயரோடு செய்தி எழுதிக் கைவிடும்.

டிவைசஸ் படியில் பிரிப்பேர், சஸ்பெண்ட் கால்பேக்குகள் ஓடும். லேட், நோஐஆர்க்யூ கால்பேக்குகள் இங்கே ஓடுவதில்லை. சஸ்பெண்ட் பாதையில் அவை பிளாட்ஃபார்ம் படியில்தான் முதன்முறை அழைக்கப்படும். டிவைசஸ் படி தேறி பிளாட்ஃபார்மில் தொங்கினால், கண் முதலில் போக வேண்டியது அந்த இரண்டு கால்பேக்குகள் மேல். பிராசஸர்ஸ் படியில் முதல் செயலியைத் தவிர மற்றவை அணைக்கப்படும். கோர் என்பது அதற்கும் கீழே உள்ள அமைப்புச் சாதனங்கள் வரை. எஸ்2ஐடில் வகைக்கு முதல் மூன்று படிகள் மட்டுமே பொருந்தும். பிராசஸர்ஸ், கோர் கேட்டால் கெர்னல் எச்சரித்து மறுத்துவிடும்.

ஒவ்வொரு படியையும் சில முறை திரும்பத் திரும்ப ஓட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முடிந்ததும் அதே கோப்பில் 'நன்' (எதுவுமில்லை) என்று எழுத மறந்தால், அதன்பின் செய்யும் நிஜமான சஸ்பெண்டும் 5 விநாடியில் திரும்பி வரும். டிரைவர்தான் கணினியை எழுப்பிவிடுகிறது என்று நினைத்து அரைநாளை வீணாக்கிவிடலாம்.

ஒரு படி தோற்றால் /சிஸ்/பவர்/சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ் அடைவைத் திறங்கள். கடைசியாகத் தோற்ற சாதனம் எது, எந்தக் கட்டத்தில், என்ன பிழை எண் என்று தனித்தனிக் கோப்புகளில் இருக்கும். -16 என்றால் சாதனம் வேலையில் இருப்பதாகச் சொல்லி டிரைவர் தூங்க மறுத்திருக்கிறது. -110 என்றால் வன்பொருள் பதில் சொல்லக் காத்திருந்து நேரம் கடந்துவிட்டது. ஒரே ஒரு சாதனம் பிழை எண்ணைத் திருப்பினாலும் முழுக் கணினியின் தூக்கமும் ரத்தாகும். எனவே சஸ்பெண்ட் கால்பேக் பிழையைத் திருப்பும் ஒவ்வொரு இடத்தையும் கேள்வி கேளுங்கள்: இது உண்மையிலேயே முழு மடிக்கணினியும் பையில் விழித்துக்கொண்டே சூடாவதற்குத் தகுதியான காரணமா?

இந்தப் பாதிவழிச் சோதனைக்கு ஒரு பெரிய வரம்பு உண்டு. ஃபர்ம்வேர் இங்கே மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. சாதனத்தின் ரெஜிஸ்டர்களில் இருந்த மதிப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சேமித்து வைக்க மறந்த ரெஜிஸ்டர் ஒன்று இருந்தாலும் ஐந்து படிகளும் தேறிவிடும். நிஜமான எஸ்3-இல்தான் அது வெளிப்படும். பாதிவழிச் சோதனை டிரைவரின் தர்க்கத்தைச் சோதிக்கிறது, வன்பொருளின் மறதியைச் சோதிப்பதில்லை. மெய்நிகர் கணினியில் ஓட்டிப் பார்ப்பதும் இதே கணக்குதான்.

நிஜமாகத் தூங்க வைப்பது

ஆர்டிசிவேக் என்ற கட்டளை, கணினியைத் தூங்க வைத்து, கடிகாரச் சில்லின் அலாரம் மூலம் குறித்த நேரத்தில் எழுப்பும். 'மெம்' முறை, 30 விநாடி என்று கொடுத்து ஒரு சிறிய ஷெல் சுழற்சிக்குள் போட்டால், ஆள் பக்கத்தில் இல்லாமலே நூறு முறை ஓட்டலாம். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் சாதனம் வேலை செய்கிறதா என்று சோதிக்கும் வரி சுழற்சிக்குள் கட்டாயம் இருக்க வேண்டும். பிணைய அட்டை என்றால் ஒரு பிங், வட்டு என்றால் ஒரு கோப்பை எழுதிப் படித்து ஒப்பிடுவது, ஒலிச்சில்லு என்றால் பதிவு செய்து பார்ப்பது. கெர்னல் பதிவில் புதிய எச்சரிக்கை வந்தால் சுழற்சி அங்கேயே நிற்க வேண்டும். 37-ஆவது சுற்றில் வந்த முதல் எச்சரிக்கை, அதற்குப் பின் குவியும் நூறு செய்திகளைவிட மதிப்பானது.

சாதனம் சும்மா இருக்கும்போது மட்டும் தூங்க வைப்பது இன்னொரு குறை. பெரிய கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போது, ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போது, வட்டில் எழுத்து நடந்துகொண்டிருக்கும்போது தூங்க வையுங்கள். பாதியில் இருக்கும் டிஎம்ஏ பரிமாற்றத்தை (சாதனம் நேராக நினைவகத்தில் எழுதுவது, படிப்பது) டிரைவர் நிறுத்திக் காத்திருக்கிறதா, டைமரும் பணிவரிசையும் ரத்தாகின்றனவா என்பது அப்போதுதான் தெரியும்.

யூஎஸ்பி சாதனத்தைத் தூக்கத்தின்போது பிடுங்கிவிட்டு எழுப்புங்கள். வேறு துளையில் சொருகி எழுப்புங்கள். எழும் கால்பேக், சாதனமே இல்லாத நிலையில் முடிவில்லாமல் காத்திருக்கக் கூடாது.

ஹைபர்னேட்டை /சிஸ்/பவர்/டிஸ்க் கோப்பில் உள்ள ரீபூட், ஷட்டவுன், பிளாட்ஃபார்ம் ஆகிய மூன்று முறைகளிலும் செய்து பாருங்கள். அதையும் இருமுறை செய்ய வேண்டும்: டிரைவரை மாட்யூலாகத் தொகுத்து ஒரு முறை, கெர்னலுக்குள்ளேயே சேர்த்துத் தொகுத்து ஒரு முறை. தேவையற்ற சடங்குபோல் தோன்றலாம், ஆனால் காரணம் உறுதியானது. மாட்யூலாக, தொடக்க ராம்வட்டிலும் இல்லாமல் இருந்தால், பிம்பத்தை ஏற்றும் தொடக்கக் கெர்னல் உங்கள் சாதனத்தைத் தொட்டிருக்காது. ஃபர்ம்வேர் விட்டுவைத்த நிலையில் ரெஸ்டோருக்குக் கிடைக்கும். கெர்னலுக்குள்ளேயே இருந்தால், தொடக்கக் கெர்னலின் டிரைவர் சாதனத்தை முழுதாகத் தொடங்கி, இன்டரப்ட்டை இயக்கி, டிஎம்ஏ முகவரிகளை எழுதி, பிறகு ஃப்ரீஸ் செய்திருக்கும். அந்த ஃப்ரீஸ் டிஎம்ஏவை நிறுத்தாமல் விட்டால், பழைய கெர்னலின் நினைவகத்தில் சாதனம் தன்னிஷ்டத்துக்கு எழுதும். விளைவு எங்கோ தொடர்பில்லாத இடத்தில், சில நிமிடம் கழித்து வரும் சிதைவாக இருக்கும். அதிலிருந்து மூலத்தைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

கடைசியில் இரண்டையும் கலந்து ஓட்டுங்கள்: சஸ்பெண்ட், ஹைபர்னேட், மறுபடி சஸ்பெண்ட். ஒன்று விட்டுவைத்த மிச்ச நிலை மற்றதை உடைப்பது உண்டு.

எழுந்ததும் வரும் வழக்கமான கோளாறுகள்

பிசிஐ சாதனம் டி3 நிலையில் தூங்கும்போது அதன் நினைவக ரெஜிஸ்டர்களைப் படித்தால் எல்லா இருமங்களும் 1 ஆக வரும். நிலை ரெஜிஸ்டரை அப்படிப் படிக்கும் இன்டரப்ட் ஹேண்ட்லர், எல்லா நிகழ்வும் ஒரே நேரத்தில் நடந்துவிட்டதாக நம்பிச் செயல்படும். மதிப்பு முழுதும் 1 என்றால் இது தன் இன்டரப்ட் அல்ல என்று சொல்லி வெளியேற வேண்டும். ஆர்ம் சில்லுகளில் இதைவிடக் கொடிது: கடிகாரத் துடிப்பு நிறுத்தப்பட்ட பகுதியைத் தொட்டால் சில்லின் தரவுத் தடமே (பஸ்) தொங்கிவிடலாம், அல்லது கெர்னல் அங்கேயே விழுந்துவிடும்.

டி3ஹாட் தூக்க நிலையிலிருந்து முழு இயக்க நிலையான டி0-வுக்கு வரும் பிசிஐ சாதனத்துக்கு 10 மில்லிவிநாடி அவகாசம் தர வேண்டும் என்பது விதி. பிசிஐ அடுக்கு இதைப் பார்த்துக்கொள்ளும். டிரைவர் தானே மின்நிலையை மாற்றும் பழைய குறிநிரலை வைத்திருந்தால் இரட்டை வேலை நடந்து வரிசை குழம்பும். அப்படிப்பட்ட பழைய கால்பேக்குகளைப் புதிய முறைக்கு மாற்றும்போது, எதை பிசிஐ அடுக்கிடம் விட்டுவிட்டீர்கள், எது இன்னும் டிரைவரின் பொறுப்பு என்று வரிக்கு வரி பாருங்கள்.

எழும் நேரம் நீண்டுவிடுவதும் பிழைதான். கெர்னல் மூலத்துக்குள் டூல்ஸ்/பவர் அடைவில் பிஎம்-கிராஃப் என்ற கருவி இருக்கிறது. அதிலுள்ள ஸ்லீப்கிராஃப் நிரல் ஒரு சுற்றை ஓட்டி, ஒவ்வொரு சாதனமும் எத்தனை மில்லிவிநாடி எடுத்தது என்ற காலக்கோட்டை உலாவியில் திறக்கும் கோப்பாகத் தரும். மாற்றத்துக்கு முன், பின் என இரண்டு எடுத்து ஒப்பிட்டால், ரெசியூமில் வைத்த ஒரு நீண்ட காத்திருப்பு எத்தனை பேரை நிறுத்தி வைக்கிறது என்று பளிச்சென்று தெரியும்.

சாதனங்கள் ஒரே நேரத்தில் இணையாகத் தூங்கும் வசதி /சிஸ்/பவர்/பிஎம்_அசிங்க் கோப்பில் இருக்கிறது. எப்போதாவது மட்டும் தோன்றும் கோளாறு, அதில் 0 எழுதியதும் மறைந்தால், இரண்டு சாதனங்களுக்கு இடையிலான சார்பைக் கெர்னலுக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள் என்று சந்தேகப்படலாம். வரிசையாக ஓட்டினால் சரியாகிறது என்பது தீர்வாகாது.

முழுவதும் தொங்கி, கன்சோலிலும் ஒன்றும் வராதபோது எக்ஸ்86 கணினியில் பிஎம்_டிரேஸ் கைகொடுக்கும். அந்தக் கோப்பில் 1 எழுதிவிட்டுத் தூங்க வைத்தால், கடைசியாகத் தொட்ட சாதனத்தின் அடையாளத்தைக் கெர்னல் கடிகாரச் சில்லில் எழுதிவைக்கும். மறுதொடக்கத்தைத் தாண்டி நிலைக்கும், பொதுவாக எல்லாக் கணினியிலும் கிடைக்கும் இடம் வேறு இல்லை என்பதால் இந்த ஏற்பாடு. தொங்கியதும் அணைத்து, 3 நிமிடத்துக்குள் மறுபடி தொடங்கினால், பதிவில் எந்தச் சாதனத்தோடு அடையாளம் பொருந்துகிறது என்ற வரி வரும். கடிகாரம் கண்டபடி மாறியிருக்கும், பிறகு திருத்திக்கொள்ளுங்கள்.

ரன்டைம்: சத்தமில்லாமல் உடையும் இடம்

சஸ்பெண்ட் உடைந்தால் கணினி தொங்கும், எல்லோருக்கும் தெரியும். ரன்டைம் உடைந்தால் சாதனம் தூங்காமலே இருக்கும், அவ்வளவுதான். எல்லாம் வேலை செய்யும். பேட்டரி மட்டும் சீக்கிரம் தீரும். அதனால்தான் இதை ஓட்டிப் பார்த்தால் போதாது, நிலையைப் படித்துப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு சாதனத்தின் சிஸ் அடைவுக்குள்ளும் பவர் என்ற துணை அடைவு இருக்கும். அதில் கன்ட்ரோல் கோப்பு 'ஆன்' என்றிருந்தால் சாதனம் தூங்கவே தூங்காது. பிசிஐ சாதனங்களுக்கு இதுவே இயல்புநிலை. 'ஆட்டோ' என்று எழுதாமல் சோதித்தவர் எதையும் சோதிக்கவில்லை. எழுதிய பிறகு சாதனத்தைச் சும்மா விட்டு, ஆட்டோசஸ்பெண்ட்_டிலே_எம்எஸ் கோப்பில் உள்ள மில்லிவிநாடிகள் கடந்ததும் ரன்டைம்_ஸ்டேட்டஸ் கோப்பைப் படியுங்கள். 'சஸ்பெண்டட்' என்று வர வேண்டும். சாதனத்தைப் பயன்படுத்தினால் 'ஆக்டிவ்', விட்டதும் மறுபடி 'சஸ்பெண்டட்'. 'எரர்' என்று வந்தால் ஒரு கால்பேக் பிழையைத் திருப்பிவிட்டது. ரன்டைம்_சஸ்பெண்டட்_டைம் கோப்பு மொத்தம் எவ்வளவு நேரம் தூங்கியது என்று மில்லிவிநாடியில் சொல்லும். ஒரு மணி நேரம் சும்மா விட்டு அந்த எண் எவ்வளவு ஏறியது என்று பார்ப்பது எளிய, நம்பகமான சோதனை.

'ஆக்டிவ்' என்றே நின்றுவிட்டால் ரன்டைம்_யூசேஜ் கோப்பைப் பாருங்கள். இது பயன்பாட்டுக் கணக்கு. சாதனம் தேவைப்படும்போது டிரைவர் இதை ஒன்று கூட்டும், முடிந்ததும் ஒன்று குறைக்கும். பூஜ்யம் ஆனால்தான் தூக்கம். யாரும் பயன்படுத்தாதபோதும் பூஜ்யத்துக்கு மேல் நின்றால், எங்கோ கூட்டியதைக் குறைக்காமல் வெளியேறியிருக்கிறார்கள். பெரும்பாலும் பிழைப் பாதையில். பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க் என்ற அழைப்பு, சாதனத்தை எழுப்பத் தவறிப் பிழை எண்ணைத் திருப்பினாலும் கணக்கைக் கூட்டியே வைத்திருக்கும். பிழை வந்ததே என்று அப்படியே திரும்பினால் கணக்கு கசியும். எண்ணற்ற டிரைவர்களில் இதே தவறு இருந்ததால், தோற்றால் தானே கணக்கைக் குறைத்துக்கொள்ளும் பிஎம்_ரன்டைம்_ரெசியூம்_அண்ட்_கெட் என்ற அழைப்பை 2020-இல் சேர்த்தார்கள். புதிய குறிநிரலில் இதைப் பயன்படுத்துங்கள். பழையதை மாற்றும்போது, பிழைப் பாதையில் ஏற்கெனவே குறைத்திருந்த வரியை நீக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகப் பார்க்கும், கெர்னலும் எச்சரிக்கும்.

கசிவைச் சோதிக்கப் பிழைகளை வேண்டுமென்றே உண்டாக்க வேண்டும். தவறான மதிப்போடு ஐயோகன்ட்ரோல் (நிரல் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் அழைப்பு) அழையுங்கள், படிப்பு நடக்கும்போது கன்ட்ரோல்-சி அழுத்துங்கள், கேபிளைப் பிடுங்குங்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் கணக்கு பழைய எண்ணுக்கே திரும்ப வேண்டும்.

டிரைவருக்குள் நுழையும் வாசல்களை ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது: ஐயோகன்ட்ரோல், சிஸ் கோப்புகள், டீபக் கோப்புகள், இன்டரப்ட், டைமர், பணிவரிசை. ரெஜிஸ்டரைத் தொடும் ஒவ்வொரு வாசலும் முதலில் சாதனத்தை எழுப்ப வேண்டும். வெப்பநிலை காட்டும் ஒரு சிஸ் கோப்பை மறந்துவிடுவார்கள். சாதனம் தூங்கும்போது அதைப் படித்தால் குப்பை எண் வரும், அல்லது கணினியே தொங்கும். எனவே நிலை 'சஸ்பெண்டட்' என்று உறுதி செய்துவிட்டு, ஒவ்வொரு வாசலையும் தட்டிப் பாருங்கள்.

ஆட்டோசஸ்பெண்ட் தாமதத்தை 0 ஆக்கினால் ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் சாதனம் உடனே தூங்கும், எழும். வழக்கமான 2 விநாடி தாமதம் மறைத்துவைக்கும் போட்டிநிலைக் கோளாறுகள் இதில் வெளிவரும். சாதனம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே கன்ட்ரோல் கோப்பில் 'ஆன்', 'ஆட்டோ' என்று மாற்றி மாற்றி எழுதும் சுழற்சியை அருகில் ஓடவிடுங்கள். சுழல்பூட்டைப் பிடித்துக்கொண்டு சாதனத்தை எழுப்ப முயலும் குறிநிரல் இருந்தால், டீபக்_அடாமிக்_ஸ்லீப் அதைக் கையும் களவுமாகக் காட்டும்.

மாட்யூலைக் கழற்றி மாட்டுவதையும் சாதனம் தூங்கும்போதே செய்யுங்கள். மறுபடி மாட்டும்போது 'அன்பேலன்ஸ்ட் பிஎம்_ரன்டைம்_எனேபிள்' என்ற வரி பதிவில் வந்தால், கழற்றும் வழியில் ரன்டைமை நிறுத்தாமல் விட்டிருக்கிறீர்கள்.

இரண்டு தூக்கங்கள் சந்திக்கும் இடத்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும். ரன்டைமில் ஏற்கெனவே தூங்கும் சாதனத்தோடு முழுக் கணினியையும் சஸ்பெண்ட் செய்யுங்கள். பிறகு விழித்திருக்கும் சாதனத்தோடு செய்யுங்கள். முதல் வகையில் சஸ்பெண்ட் கால்பேக், ஏற்கெனவே அணைந்த சாதனத்தின் ரெஜிஸ்டரைச் சேமிக்கப் போய் மாட்டிக்கொள்வது மிகப் பரவலான கோளாறு. லேட் கட்டத்துக்குள் ரன்டைம் முடக்கப்பட்டுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே தூங்கும் சாதனத்தை எழுப்பக் கேட்டால் -13 தான் கிடைக்கும்.

மின்சாரம் உண்மையில் மிச்சமானதா?

நிலை 'சஸ்பெண்டட்' என்று காட்டுவது கெர்னலின் கணக்கு. மின்சாரம் குறைந்ததா என்பதை அளந்துதான் பார்க்க வேண்டும். மடிக்கணினியில் சார்ஜரைக் கழற்றி, /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை அடைவில் பேட்டரியின் எனர்ஜி_நவ் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் தூங்கவிட்டு, மறுபடி குறியுங்கள். எண் மைக்ரோவாட்-மணியில் இருக்கும். 5,00,000 குறைந்திருந்தால் சராசரி அரை வாட் செலவு. சில கணினிகளில் சார்ஜ்_நவ் மட்டும் இருக்கும். அதை மின்னழுத்தத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். பேட்டரி எண்கள் நுட்பமானவையல்ல, அதனால் இடைவெளி நீளமாக இருக்கட்டும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே கணினியில், ஒரே அமைப்பில் அளந்தால்தான் ஒப்பீடு செல்லும்.

எஸ்2ஐடில் கணினிகளில் இது இன்னும் முக்கியம். ஒரே ஒரு சாதனம் முழுதாக அணையாமல் இருந்தாலும் சில்லு தன் ஆழ்ந்த நிலைக்குப் போகாது. தூங்கியதாகவே தோன்றும், சரியாகவே எழும், காலையில் பேட்டரி காலியாக இருக்கும். இன்டெல் கணினிகளில் டீபக் கோப்பமைப்பின் பிஎம்சி_கோர் அடைவிலுள்ள எஸ்எல்பி_எஸ்0_ரெசிடென்சி எண்ணைத் தூங்கும் முன்னும் பின்னும் படியுங்கள். ஏறவே இல்லை என்றால் ஆழ்ந்த நிலை கிடைக்கவில்லை. உங்கள் டிரைவரைக் கழற்றிவிட்டு அதே சோதனையைச் செய்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

எழுப்பும் திறனுள்ள சாதனம் என்றால் பவர் அடைவின் வேக்கப் கோப்பை இரு விதமாகவும் வைத்துச் சோதியுங்கள். 'எனேபிள்ட்' என்றால் நிகழ்வு வந்ததும் கணினி எழ வேண்டும், 'டிசேபிள்ட்' என்றால் எழக் கூடாது. தூங்கப் போகும் வழியில் நிகழ்வு வந்தால் தூக்கமே கைவிடப்பட வேண்டும். விசையை விடாமல் தட்டிக்கொண்டே சஸ்பெண்ட் கொடுத்து இதைப் பார்க்கலாம். காரணமில்லாமல் எழுந்தால் /சிஸ்/பவர்/பிஎம்_வேக்கப்_ஐஆர்க்யூ கோப்பு எந்த இன்டரப்ட் எழுப்பியது என்று சொல்லும்.

அனுப்புவதற்கு முன்

மின்மேலாண்மையை முற்றிலும் அணைத்த கெர்னலிலும் உங்கள் டிரைவர் எச்சரிக்கையின்றித் தொகுபட வேண்டும். கான்ஃபிக்_பிஎம் இல்லாமல் ஒரு முறை, கான்ஃபிக்_பிஎம்_ஸ்லீப் மட்டும் இல்லாமல் ஒரு முறை தொகுத்துப் பாருங்கள். டிஃபைன்_சிம்பிள்_டெவ்_பிஎம்_ஆப்ஸ், பிஎம்_ஸ்லீப்_பிடிஆர் போன்ற புதிய மேக்ரோக்கள், பயன்படாத கால்பேக்குகளைத் தொகுப்பியே நீக்கிவிடும்படி செய்கின்றன. பழைய இஃப்டெஃப் வேலிகள் தேவைப்படாது.

பேட்ச் விளக்கத்தில் எந்தக் கணினி, எந்தக் கெர்னல் பதிப்பு, டிரைவர் மாட்யூலா உள்ளேயா, எந்தெந்தத் தூக்க வகைகள், எத்தனை சுற்று என்று எழுதுங்கள். ஹைபர்னேட்டைச் சோதிக்க முடியவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்து, வேறு கணினி வைத்திருக்கும் பராமரிப்பாளர் அதை மட்டும் ஓட்டிப் பார்ப்பார்.